எதிரணிக் கணக்கில் ஒரு கோல்

1920 ஏப்ரலில் ஆன்ட்வெர்ப் நகரத்தில் கனடா அணி மூன்று ஆட்டங்கள் ஆடியது. செக்கோஸ்லோவாக்கியாவை 15–0, அமெரிக்காவை 2–0, ஸ்வீடனை 12–1. கூட்டிப் பார்த்தால் போட்டது 29, வாங்கியது 1. ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக ஆடப்பட்ட வாரம் அது. கனடாவின் ஹாக்கி வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் இந்த 29ஐச் சொல்லிப் பெருமைப்படாமல் இருப்பதில்லை. அதைச் சொன்ன கையோடு அந்த 1க்கும் கணக்குக் காட்டவேண்டி வருகிறது. அங்கே ஒரு பெயர் வந்து நிற்கிறது: எய்னார் ஸ்வென்சன், ஸ்வீடன்.

ஸ்வீடனுக்கு வெளியே அவர் பெயர் அச்சில் வருவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான். வெற்றிபெற்றவனின் பேரேட்டில், செலவுப் பத்தியில், ஒற்றை வரியாக. ஜெயித்த அணியின் நினைவு பத்திரமாக இருப்பதால் தோற்ற அணியின் ஆள் ஒருவரும் அதோடு சேர்ந்து பத்திரமாக இருக்கிறார். அந்த ஆட்டத்தில் கனடாவின் ஃபிராங்க் ஃப்ரெட்ரிக்சன் மட்டும் ஏழு கோல் போட்டார். ஏழும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எது எப்படி விழுந்தது என்று யாரும் தனித்தனியாகப் பேசுவதில்லை. ஸ்வென்சனுடையது ஒன்றே ஒன்று என்பதால் கலந்துபோக வழியில்லாமல் இருக்கிறது.

விளையாட்டு வீரனின் வாழ்க்கை என்று நாம் இன்று சொல்லும்போது மனதில் இருப்பது ஒரு நீண்ட கோடு. பள்ளி, பயிற்சியகம், முதல் ஒப்பந்தம், உச்சம், காயம், ஓய்வு, பிறகு தொலைக்காட்சியில் வர்ணனை. ஃப்ரெட்ரிக்சனுக்கு அப்படி ஒரு கோடு உண்டு. முதல் உலகப் போரில் விமானி. போர்க்காலத்தில் அவர் சென்ற கப்பல் டார்பிடோ பட்டு மூழ்கியபோது உயிர்தப்பியவர். ஆன்ட்வெர்ப் தங்கத்துக்குப் பின் தொழில்முறை ஆட்டக்காரராகி, 1925இல் விக்டோரியா கூகர்ஸ் அணியோடு ஸ்டான்லி கோப்பை வென்று, பாஸ்டனுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் ஆடி, 1958இல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார். அவரை எதிர்த்து ஆடிய ஸ்வீடன்காரர்கள் யாருக்கும் இப்படி ஒரு கோடு அமைய வழியே இருக்கவில்லை. அவர்கள் நாட்டில் அந்த ஆட்டத்துக்கு லீக் இல்லை, சங்கம் இல்லை, ஆடுகளம் இல்லை, சம்பளம் கிடையாது. இவ்வளவு இல்லாமைகளுக்கு நடுவே ஒருவனுக்கு ஹாக்கி வாழ்க்கை என்று எதைச் சொல்வது? சில குளிர்காலங்கள். அதுவும் ஏரி உறைந்தால்தான்.

அவர்களிடம் இருந்தது பேண்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஆன்ட்வெர்ப்பில் நடந்தது புரியாது. பேண்டி என்பது பனித்தளத்தில் ஆடும் கால்பந்து என்றே சொல்லிவிடலாம். பக்கத்துக்குப் பதினொரு பேர், கால்பந்து மைதானத்தின் அளவுக்கு உறைந்த நீர்ப்பரப்பு, பாதிக்கு 45 நிமிடம், ஆஃப்சைடு விதியும் கால்பந்தினுடையதைப் போன்றதே. கையில் வளைந்த குட்டைக் கோல், அடிப்பது பந்தை. இங்கிலாந்திலிருந்து 1890களில் ஸ்வீடனுக்கு வந்தது. 1907இல் தேசிய சாம்பியன்ஷிப் தொடங்கியபோது முதல் பட்டத்தை ஐ.எஃப்.கே. உப்சாலா என்ற பல்கலைக்கழக நகரத்துக் கிளப் எடுத்துக்கொண்டது. கோடையில் கால்பந்து ஆடியவர்களே குளிர்காலத்தில் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு பேண்டி ஆடினார்கள். நிர்வாகமும் அப்படித்தான், 1925இல் தனிச் சங்கம் ஏற்படும்வரை பேண்டி கால்பந்துச் சங்கத்தின் கையில்தான் இருந்தது.

பேண்டியில் இடம் தாராளம். பந்தை நீளமாக அடித்துவிட்டு அதன் பின்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகலாம். வேகமெடுக்க நூறு மீட்டர் இருக்கிறது. ஆன்ட்வெர்ப் பனி அரங்கத்தின் தளமோ 56 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். சுற்றிலும் பலகை. பேண்டிக்காரன் நான்கு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். பந்து உருளும், துள்ளும். ஹாக்கியின் ரப்பர் வில்லை தரையோடு ஒட்டி வழுக்கும். அன்றைய ஹாக்கி விதிப்படி முன்னால் நிற்கும் தன் ஆளுக்குப் பாஸ் கொடுக்கக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தள்ளவேண்டும். இத்தனை வருஷம் முன்னோக்கி அடித்துப் பழகிய கை, யோசிப்பதற்கு முன்பே முன்னோக்கி அடித்துவிடும்; விசில் ஊதிவிடுவார்கள். பேண்டியின் கோல்காப்பாளர் கையில் கோலே கிடையாது, பந்தைக் கையால் பிடிப்பார், தடுப்பார். ஹாக்கியில் அவர் கையில் ஒரு கட்டையைக் கொடுத்து, பாதி அளவு கோலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கோல் சிறுத்துவிட்டதே, சௌகரியம்தானே என்று தோன்றும். ஆனால் எதிரே வருகிறவன் இப்போது நாலடி தூரத்தில் நிற்கிறான்.

ஆக, புதிதாக ஒன்றைக் கற்பதைவிடப் பழையதைக் கை மறப்பதுதான் அவர்களுக்குப் பெரிய பாடாக இருந்திருக்கும். சிறுவயதில் தொடங்குகிறவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. இவர்கள் வளர்ந்த ஆட்கள், சொந்த ஆட்டத்தில் பேரெடுத்தவர்கள். ஒரு கலையில் தேர்ந்தவன் அதன் பக்கத்து வீட்டுக் கலைக்குள் நுழையும்போது படும் அவமானம் தனி ரகம். எல்லாமே தெரிந்ததுபோல் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சாண் தள்ளி இருக்கும்.

இவர்களை அந்த வம்பில் மாட்டிவிட்டது ஒரு சினிமாக்காரர். ராவுல் லெ மாட் என்ற அமெரிக்கர், திரைப்படத் தொழில் நிமித்தமாக 1919இல் ஸ்டாக்ஹோம் வந்தார். வந்த இடத்தில் பேண்டி ஆட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு அருமையாகச் சறுக்குகிறவர்கள் ஐஸ் ஹாக்கி ஆடினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கால்பந்துச் சங்கத்தின் அன்டன் யோஹான்சனிடம் போய்ப் பேசினார். அடுத்த ஏப்ரலில் ஆன்ட்வெர்ப்பில் ஹாக்கியைச் சேர்க்கப்போகிறார்கள், ஸ்வீடனும் ஓர் அணியை அனுப்பட்டும் என்றார். ஸ்வீடன் 1912லேயே சர்வதேச ஹாக்கிச் சம்மேளனத்தில் உறுப்பினர். உறுப்பினர் என்ற பெயர் இருந்ததே ஒழிய ஆட்டம் என்று ஒன்று நாட்டில் இல்லை. யோஹான்சன் ஒப்புக்கொண்டார். லெ மாட்டே பயிற்சியாளர் ஆனார். பெரும்பாலும் பேண்டி ஆட்டக்காரர்களைக் கொண்டு அணி திரட்டப்பட்டது.

ஒரு தேசத்தின் பெரும் விளையாட்டு இப்படியா தொடங்கும் என்று கேட்கலாம். எனக்கு இதில் வியப்பில்லை. தொடக்கங்களுக்கு நாம் பின்னால் சூட்டுகிற கம்பீரம் அந்த நேரத்தில் அவற்றுக்கு இருப்பதில்லை. வேறு வேலையாக வந்த ஒருவன் கேட்ட ஒரு கேள்வி, அதற்கு மறுப்புச் சொல்லாத ஓர் அதிகாரி, அவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது. இதில் லெ மாட்டின் கணக்கு பலித்தது. நல்ல காலுள்ளவனுக்குக் கை பிறகு வரும் என்று அவர் நம்பினார்.

எல்லாருமே ஆட்டத்துக்குப் புதியவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. நில்ஸ் மோலாண்டர், ஹான்ஸ்யாகோப் மாட்சன் ஆகியோர் பெர்லினில் இருந்தவர்கள். பெர்லினில் 1908இல் ஐஸ்பாலஸ்ட் என்ற பனி அரங்கமும், அடுத்த சில ஆண்டுகளில் அட்மிரால்ஸ்பாலஸ்டின் பனித்தளமும் திறக்கப்பட்டன. இயந்திரத்தால் உறையவைத்த தளம். மார்கழி வந்தாலும் சித்திரை வந்தாலும் ஒரே கெட்டி. போருக்கு முந்தைய ஐரோப்பாவில் பெர்லினர் ஷ்லிட்ஷூக்கிளப் முதல்தரமான அணிகளில் ஒன்று. மோலாண்டரும் மாட்சனும் அங்கே ஆடிப் பழகியவர்கள். பிறகு போர் வந்தது. ஜெர்மனி தோற்றது. 1920 ஒலிம்பிக்குக்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் அழைப்பு இல்லை. ஸ்வீடன் போரில் நடுநிலை வகித்த நாடு. ஆகவே அழைப்பு மறுக்கப்பட்ட பெர்லினின் ஹாக்கி, ஸ்வீடன் சீருடை போட்டுக்கொண்டு ஆன்ட்வெர்ப்புக்குள் நுழைந்தது. பெல்ஜியமோ நான்கு ஆண்டு ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்த நாடு. அந்த ஊர்க் கூட்டம் கைதட்டிப் பார்த்த ஸ்வீடன் ஆட்டத்தில் ஒரு பகுதி பெர்லினில் கற்றது என்பதை யாரேனும் அங்கே நினைத்துப் பார்த்தார்களோ என்னவோ.

ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியின் முதல் ஆட்டமே இவர்களுடையதுதான். ஏப்ரல் 23. எதிரே உள்ளூர் அணி பெல்ஜியம். ஸ்வீடன் 8–0. கோடைக்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவுக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. பனி ஆட்டத்தை மட்டும் முன்கூட்டி ஏப்ரலில் வைத்துவிட்டார்கள். பக்கத்துக்கு ஏழு பேர். இன்றைய ஆறு பேருக்கு மேல் ரோவர் என்று ஒருவர், களம் முழுக்க அலைகிற ஆள். ஆட்டம் இருபது நிமிடங்களாக இரண்டு பாதி. மாற்று ஆள் இறக்கும் வழக்கம் இல்லை. ஒருவன் அடிபட்டு வெளியேறினால் எதிரணியும் ஓர் ஆளைக் குறைத்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டில் ஒரு பழைய காலத்துக் கண்ணியம் இருக்கத்தான் செய்கிறது. அதே சமயம் ஏழு நாளில் ஆறு ஆட்டம் ஆடவேண்டிய அணிக்கு அது என்ன பாடு என்பதையும் யோசிக்கவேண்டும்.

ஆறு ஆட்டம் ஸ்வீடனின் தலையில் விழுந்ததற்குக் காரணம் இன்னொரு ஸ்வீடன்காரர். எரிக் பெர்க்வால் நீர்ப்போலோ வீரர், 1908 ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றவர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வ அறிக்கையைத் தொகுத்தவர். நாக்-அவுட் முறையில் ஓர் அநீதி இருக்கிறது என்று அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது சிறந்த அணி முதல் சுற்றிலேயே சாம்பியனிடம் மாட்டிக்கொண்டால் வெறுங்கையோடு வீடு திரும்பவேண்டியதுதான். அவர் பெயரால் வழங்கிய முறையில் தங்கத்துக்கு ஒரு சுற்று நடக்கும். பிறகு சாம்பியனிடம் தோற்ற அணிகள் மட்டும் கூடி வெள்ளிக்கு ஆடும். பிறகு தங்கம், வெள்ளி அணிகளில் ஏதேனும் ஒன்றிடம் தோற்றவர்கள் கூடி வெண்கலத்துக்கு ஆடுவார்கள். நியாயமான முறைதான். ஆனால் அதன் நியாயம் ஸ்வீடனுக்கு எப்படி வந்து சேர்ந்தது பாருங்கள்.

பெல்ஜியத்தை வென்று, பிரான்சை 4–0 என்று வென்று, ஸ்வீடன் தங்கச் சுற்றின் இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டது. சில மாதங்களுக்கு முன் இந்த ஆட்டத்தைத் தொட்டிராத ஆட்களைக் கொண்ட அணி, ஒலிம்பிக் இறுதியில். சாதாரண நாக்-அவுட்டாக இருந்தால் ஏப்ரல் 26இல் கனடாவிடம் 12–1 என்று தோற்று, வெள்ளியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரயிலேறியிருப்பார்கள். உலகமே கனடா–அமெரிக்கா ஆட்டம்தான் உண்மையான இறுதி என்று பேசிக்கொண்டிருந்தாலும் பதக்கம் பதக்கம்தான். பெர்க்வால் முறையில் வெள்ளிக்கு மறுபடி ஆடவேண்டும். மறுநாளே அமெரிக்காவிடம் 7–0. அதற்கு மறுநாள் வெண்கலச் சுற்றில் சுவிட்சர்லாந்தை 4–0 என்று வென்றார்கள். அதற்கும் மறுநாள் செக்கோஸ்லோவாக்கியா. அந்த ஆட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

கனடாவின் பெயரில் ஆடிய அணி வின்னிபெக் ஃபால்கன்ஸ். அந்த ஊரின் ஐஸ்லாந்துக் குடியேறிகளின் பிள்ளைகள். அணியில் ஒருவர் தவிர எல்லாரும் ஐஸ்லாந்து வேர் கொண்டவர்கள். யோஹன்னெசன், ஹால்டர்சன், ஃப்ரிட்ஃபின்சன் என்று பெயர்களைப் படித்தாலே தெரியும். வின்னிபெக்கின் பெரிய அணிகள் இவர்களோடு ஒரே லீக்கில் ஆட நெடுநாள் தயங்கின. போர் வந்தபோது கூட்டமாகப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். இருவர், ஃபிராங்க் தோர்ஸ்டைன்சனும் ஜார்ஜ் கம்பர்ஸும், திரும்பவில்லை. திரும்பி வந்தவர்கள் 1920இல் கனடாவின் அமெச்சூர் பட்டமான ஆலன் கோப்பையை வென்று நேராக ஆன்ட்வெர்ப்புக்குக் கப்பலேறினார்கள். ஊரில் அந்நியர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஊரின் பெயரால் உலகத்தின் முன் போய் நின்றார்கள்.

இவர்களுக்கும் ஸ்வீடன்காரர்களுக்கும் இடையே ஒரு பாசம் இருந்ததாகச் சொல்வார்கள். இருவருமே வடக்கத்திய மண்ணின் பிள்ளைகள், ஒருவர் கடல் தாண்டிப் போனவர், மற்றவர் போகாதவர். அந்தப் பாசத்தோடு சேர்ந்து ஒரு கதையும் வந்தது: அந்த ஒரு கோலைக் கனடாக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள் என்பது. பாவம், ஒன்றாவது போடட்டும் என்று வழிவிட்டார்களாம்.

இந்தக் கதையை எனக்குப் பிடிக்கவில்லை. பொய் என்று நிரூபிக்கவும் என்னால் முடியாது. ஆனால் இதன் வேலை என்ன என்று தெரிகிறது. 29க்கு எதிரே நிற்கும் அந்த 1 ஜெயித்தவனின் கண்ணில் உறுத்துகிற ஒரு துரும்பு. அதை எடுத்துப்போட இரண்டு வழி. ஒன்று, நாங்கள் அசந்துவிட்டோம் என்பது. மற்றது, நாங்களே கொடுத்தோம் என்பது. இரண்டாவதில் கௌரவமும் குறையாது, தாராள மனசு என்ற பெயரும் கிடைக்கும். இப்படியாக ஸ்வென்சனிடம் இருந்த ஒரே சொத்தையும் அன்பளிப்பு என்று எழுதிவைத்துவிட்டார்கள். அவர் தரப்பில் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? நான் உண்மையாகவே போட்டேன் என்று எந்த ஆட்டக்காரன் சபையில் எழுந்து சொல்வான்?

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். வழிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் வில்லையை உள்ளே தள்ளவேண்டியவர் அவர்தானே. ஃபால்கன்ஸ் கோலில் நின்றவர் வாலி பைரன். அந்தத் தொடர் முழுக்க அவரைத் தாண்டிச் சென்றது இந்த ஒன்றுதான். முன்வரிசை ஆட்டக்காரர்கள் தாராளமாக இருக்கலாம்; பன்னிரண்டு போட்டவனுக்கு ஒன்று போனால் என்ன? கோல்காப்பாளனின் மனக்கணக்கு வேறு. அவனுக்குப் பூஜ்யம்தான் செல்வம். அதை இன்னொருவர் அவன் பையிலிருந்து எடுத்து தானம் செய்ய அவன் சம்மதித்திருப்பானா? கோல்காப்பாளர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை, மாட்டான். ஸ்வீடன் அந்தத் தொடரில் பெல்ஜியம், பிரான்சு, சுவிட்சர்லாந்து மூவருக்கும் எதிராக 16 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. கோல் போடத் தெரியாத அணி அல்ல அது. பதினேழாவதாக ஒன்று கனடாவுக்கு எதிராக விழுந்தது என்றால் அதை நம்புவதற்கு யாருடைய கருணையும் தேவையில்லை.

விட்டுக்கொடுக்கும் பழக்கம் கனடாவுக்கு அதற்குப் பிறகும் இருந்ததாகத் தெரியவில்லை. 1924இல் பிரான்சின் சாமோனியில் டொராண்டோ கிரானைட்ஸ் அணி ஸ்வீடனை 22–0 என்று தோற்கடித்தது. அமெரிக்கா 20–0. இரண்டு ஆட்டத்தில் 42 கோல். அந்தத் தொடரில் ஸ்வீடனும் சும்மா இல்லை. சுவிட்சர்லாந்தை 9–0, செக்கோஸ்லோவாக்கியாவை 9–3 என்று வென்றிருந்தது. ஐரோப்பாவில் புலி, அட்லாண்டிக் கடந்து வந்தவனிடம் எலி. வெண்கல ஆட்டத்தில் பிரிட்டனிடம் 4–3 என்று தோற்று நான்காம் இடம். 1928இல் சென்ட் மோரிட்ஸில் கனடாவிடம் வாங்கியது 11–0. ஆனால் இந்த முறை பிரிட்டனையும் சுவிட்சர்லாந்தையும் வென்றதால் வெள்ளி கிடைத்தது. சாமோனியில் அடிவாங்கிய பீர்கர் ஹோல்ம்க்விஸ்ட், எர்ன்ஸ்ட் கார்ல்பெர்க் போன்றவர்கள் இந்த வெள்ளி அணியில் உண்டு. ஆன்ட்வெர்ப்புக்குப் போனவர்களில் ஒருவர்கூட இல்லை. எட்டு வருஷம் அமெச்சூர் ஆட்டக்காரனுக்கு நீண்ட காலம். அதற்குள் வேலை, குடும்பம், முழங்கால் எல்லாம் வந்துவிடும்.

நாட்டுக்குள் நிலைமை மெல்ல மாறியது. 1922 நவம்பரில் ஐஸ் ஹாக்கிச் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு நடந்த முதல் தேசிய சாம்பியன்ஷிப்பை ஸ்டாக்ஹோமின் ஐ.கே. யோத்தா கிளப் வென்றது, அடுத்த இரண்டையும் அதுவே வென்றது. ஆடியதெல்லாம் வானத்தை நம்பித்தான். 1912 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஸ்டாக்ஹோம் விளையாட்டரங்கத்தில் நீர் பாய்ச்சி உறையவிட்டு ஆடினார்கள். பனி இளகினால் ஆட்டம் தள்ளிப்போகும். இயந்திரப் பனித்தளம் ஸ்டாக்ஹோமுக்கு 1931இல்தான் வந்தது. விமானக் கொட்டகை ஒன்றை அரங்கமாக மாற்றினார்கள். பெர்லினுக்கு இருபத்துமூன்று வருஷம் பின்னால். உலகின் குளிர்ந்த நாடுகளில் ஒன்றுக்கு உறைந்த நீர் கிடைக்காமல் போன கூத்து இது. குளிர் இருந்தது, வேண்டிய நாளில் வேண்டிய அளவில் இல்லை.

கனடாவுக்கு எதிராக ஸ்வீடன்காரர் ஒருவர் போட்ட கோல் என்றால் இன்று அந்த நாட்டில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது வேறொன்று. 1994 லில்லேஹாமர் இறுதி ஆட்டம். பெனால்டி ஷாட்டில் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் ஒரு பக்கம் போவதுபோல் போக்குக்காட்டி, ஒற்றைக் கையால் கோலை எட்டி நீட்டி, வில்லையைப் பின்னால் இழுத்து உள்ளே விட்டார். ஸ்வீடனுக்கு ஐஸ் ஹாக்கியில் முதல் ஒலிம்பிக் தங்கம். அடுத்த ஆண்டு ஸ்வீடன் தபால்துறை அந்தக் காட்சியைத் தபால்தலையாக்கியது. கோல் வாங்கிய கோரி ஹிர்ஷ் தன் உருவத்தைப் போட அனுமதி தரவில்லை. அதனால் தபால்தலையில் கோல்காப்பாளரின் சட்டை நிறத்தையும் எண்ணையும் மாற்றிவிட்டார்கள். எவ்வளவு மாற்றினாலும் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தன் தோல்வியின் மீது தனக்கு உரிமை உண்டு என்று ஹிர்ஷ் நினைத்தது எனக்கு விளங்குகிறது. வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே கோலுக்கு இரண்டு பத்திரம் எழுதிவைக்கப் பார்க்கிறார்கள். ஃபோர்ஸ்பெர்க்கின் கோல் தங்கம் தந்தது, ஆகவே வென்றவர்களின் பத்திரம் நின்றது. ஸ்வென்சனின் கோல் எதையும் தரவில்லை.

எதையும் தரவில்லை என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டும். அந்தக் கோல் ஆட்டத்தின் முடிவை மாற்றவில்லை, சுற்றை மாற்றவில்லை, பதக்கத்தை மாற்றவில்லை. 12–0 ஆக இருந்திருந்தாலும் ஸ்வீடன் அடுத்த நாள் அமெரிக்காவோடுதான் ஆடியிருக்கும்.

ஏப்ரல் 29க்கு வருவோம். நான்கு நாளில் நான்காவது ஆட்டம். எதிரே இருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் கதை ஸ்வீடனுடையதைவிட விசித்திரம். அந்த அணி தொடரில் அதுவரை ஒரு கோல்கூடப் போடவில்லை. கனடாவிடம் 15, அமெரிக்காவிடம் 16 என்று வாங்கியிருந்தது. பெர்க்வால் முறையின் புண்ணியத்தால் இன்னும் களத்தில் இருந்தது. ஸ்வீடன் அன்றுவரை ஐந்து ஆட்டத்தில் 17 கோல் போட்ட அணி. யார் ஜெயிப்பார் என்று கேட்டிருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

யோசெஃப் ஷ்ரூபெக் ஒரு கோல் போட்டார். அந்தத் தொடரில் செக் அணி போட்ட ஒரே கோல். போட்டுவிட்டு அணி முழுவதும் பின்வாங்கித் தன் கோலைச் சுற்றி அரண் கட்டியது. 18 மீட்டர் அகலத் தளத்தில் ஏழு பேர் நெருக்கி நின்றால் நுழைய இடம் ஏது? பின்னால் நின்ற காப்பாளர் கரேல் வால்சர் வந்ததையெல்லாம் தடுத்தார். விரிந்த ஏரியில் நீண்ட பாஸ் அடித்துப் பழகியவர்களுக்கு, முன்னோக்கிப் பாஸ் கூடாத ஆட்டத்தில், அந்தக் கும்பலைப் பிளக்கும் வழி கிடைக்கவில்லை. ஆறாவது ஆட்டத்தின் கால்களும் அவை. சமன் செய்ய ஒரு கோல் போதும். மூன்று நாள் முன்பு கனடாவுக்கு எதிராகக் கிடைத்தது போல ஒன்று, அவ்வளவுதான். கிடைக்கவில்லை. ஒரு கோல் போட்டு 31 வாங்கிய செக்கோஸ்லோவாக்கியா வெண்கலத்தோடு பிராகாவுக்குப் போனது. 17 போட்டு 20 வாங்கிய ஸ்வீடன் நான்காம் இடத்தோடு.

பத்து மாதம் கழித்து, 1921 பிப்ரவரியில், ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை ஸ்டாக்ஹோம் நடத்தியது. வந்தது ஒரே ஓர் அணி, அதே செக்கோஸ்லோவாக்கியா. ஆகவே தொடர் என்பது ஒரே ஆட்டம். திறந்தவெளியில், ஸ்டேடியத்துப் பனியில், ஸ்வீடன் 6–4 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அன்றைக்கு ஆறு கோல் விழுந்தன.